பதினெட்டு மில்லி

மயக்க டாக்டர்களுக்காகக் காத்திருந்தே என் ஆயுளில் பாதி போய்விட்டது. கையைக் கழுவி, அங்கியை மாட்டி, இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே கோத்துக்கொண்டு நின்றால் "இன்னும் அஞ்சு நிமிஷம் மேடம்" என்பார்கள். அந்த அஞ்சு நிமிஷம் எப்போது முடியும் என்று அவர்களுக்கும் தெரியாது, கடவுளுக்கும் தெரியாது. நான் கை எலும்புக்கும் கை நரம்புக்கும் ஆபரேஷன் செய்கிறவள். பொறுமை எனக்குக் கொஞ்சம் கம்மி. தியேட்டரில் எல்லோருக்கும் இது தெரியும், அதனால் யாரும் என்னைத் திருத்த முயன்றதில்லை.

ஒருவருக்காக மட்டும் வாயைத் திறக்காமல் காத்திருப்பேன். அவரை எங்கள் தியேட்டரில் 'நாற்பது' என்பார்கள். வயதைச் சொல்லவில்லை, வயது அதைத் தாண்டி வெகுநாளாகிறது. கையை மட்டும் மரக்க வைக்க அவர் போடும் மருந்தின் அளவு அது, நாற்பது மில்லி. அக்குளில் இரண்டு விரலை வைத்து ரத்தக் குழாயின் துடிப்பைத் தேடுவார். பக்கத்தில் ஊசியை இறக்குவார். "எந்த விரல்ல சுரீர்ங்குது?" என்று கேட்பார். படுத்திருப்பவர் "சுண்டு விரல்ல" என்றால், சுண்டு விரலுக்குப் போகும் நரம்பு அகப்பட்டது என்று பொருள். அங்கே கொஞ்சம், இங்கே கொஞ்சம் என்று அத்தனையையும் இறக்கிவிட்டு நிமிர்வார். கண்ணுக்குத் தெரியாத நரம்பைத் தேடிப் போகிறவர் மருந்தைத் தாராளமாகத்தான் ஊற்ற வேண்டும். அதில் குற்றமில்லை.

தாராளம் என்றாலும் கண்மூடித்தனம் கிடையாது. ஆளின் எடையைக் கேட்காமல் ஊசியைத் தொட மாட்டார். அந்த எடைக்குத் தக்கபடி உப்பு நீர் கலந்து, மருந்தை மெலிதாக்கித்தான் நாற்பதாக்குவார். இந்த மருந்து ரத்தத்தில் அளவுக்கு மேல் ஏறினால் முதலில் காதில் இரையும், உதடு மரக்கும், அப்புறம் வலிப்பு வரும், அதற்கும் மேலே போனால் இதயமே நின்றுவிடும். அவர் கையில் ஒருவருக்குக்கூடக் காது இரைந்ததில்லை. அந்தப் பெருமை அவருக்கு இருந்தது, இருக்கவும் வேண்டியதுதான்.

அப்படி நிம்மதியாக இருந்த மனிதரின் வயிற்றில் நெருப்பு வைத்தவர் வேறு யாருமில்லை, அவருடைய சொந்தச் சகலை. மனைவியின் தங்கையைக் கட்டியவர், அவரும் மயக்க டாக்டர். எங்கள் ஆஸ்பத்திரியில் இடம் காலியாகிறது என்று சொல்லி, நிர்வாகத்திடம் பேசி, கையோடு கூட்டி வந்து உட்கார வைத்ததும் நாற்பதேதான். வந்தவர் ஒரு ஸ்கேன் மெஷினையும் வாங்க வைத்தார். அன்றிலிருந்து இவர் பெரியவர், அவர் சின்னவர் என்று ஆயிற்று.

சின்னவர் யாரையும் சுரீரா என்று கேட்பதில்லை. ஸ்கேன் முனையை அக்குளில் வைப்பார். திரையில் ரத்தக் குழாய் கறுப்பு வட்டமாகத் தெரியும், அதைச் சுற்றி நரம்புகள் தேன்கூட்டைப் பிய்த்துப் போட்டதுபோல் உட்கார்ந்திருக்கும். ஊசி நுனி போகிற வழியைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு நரம்புக்கும் மூன்று மில்லி, நாலு மில்லி. மொத்தமாகப் பதினைந்து, சில நாள் பன்னிரண்டு. போட்டுவிட்டு என்னைப் பார்த்து "ஆரம்பிக்கலாம் மேடம்" என்பார். நான் அப்போதுதான் கை கழுவிக்கொண்டிருப்பேன். என் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு மயக்க டாக்டர் எனக்காகக் காத்திருந்தார்!

இதை நான் வாய்விட்டுப் பாராட்டித் தொலைத்தேன். பெரியவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார் என்பதைக் கவனிக்கவில்லை.

பெரியவர் ஊசி போட்டுக்கொண்டவர்கள் மறுநாள் காலை வரை தங்கள் கையைப் பக்கத்து வீட்டுக் குழந்தையைச் சுமப்பதுபோல் இன்னொரு கையில் ஏந்திக்கொண்டு திரிவார்கள். சின்னவர் ஊசியில் அன்று சாயங்காலமே விரல் அசையும். வார்டில் இந்தக் கதை பரவியது. "சின்னவர் ஊசியா, பெரியவர் ஊசியா?" என்று ஆபரேஷனுக்கு வருகிறவர்களே கேட்க ஆரம்பித்தார்கள். உற்றுப் பார்த்திருந்தால் பெரியவர் காதிலிருந்து புகை வருவது தெரிந்திருக்கும்.

அவர் என்னென்ன செய்தார் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஸ்கேனுக்கு 'டிவி' என்று பெயர் வைத்தார். "டிவி பாக்கறவங்க பாக்கட்டும், நான் வேலையப் பாக்கறேன்" என்பார். மெஷினின் ஒயர் அடிக்கடி சுவரிலிருந்து கழன்று கிடக்கும், யார் கழற்றியது என்று யாரும் கேட்கவில்லை. இதையெல்லாம் விட ஒன்று, சின்னவர் ஊசி போட்ட ஆட்களின் கட்டிலுக்குப் போய் நைஸாகக் கையைக் கிள்ளிப் பார்ப்பார். எவனாவது ஒருத்தன் "ஆ" என்றால் போதும், அன்று முழுக்க அவர் முகத்தில் விளக்கு எரியும். அடுத்த வாரம் அதே முகம் மறுபடி அணைந்து கிடக்கும்.

வீட்டுக் கதையை அவரே என்னிடம் கொட்டுவார். மாமனார் வீட்டில் கூடினால் முன்பெல்லாம் மூத்த மாப்பிள்ளை பேச்சுக்குத்தான் மரியாதை. யாருக்குத் தலை வலித்தாலும் போன் இவருக்கு வரும். இப்போது இவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மாமியார் சின்ன மாப்பிள்ளை பக்கம் திரும்பி "நீங்க என்ன சொல்றீங்க?" என்கிறாராம். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஒருநாள் கட்டின மனைவியே கேட்டுவிட்டாள்: "தங்கச்சி வீட்டுக்காரர் பாத்துப் போடறாராமே, நீங்க ஏங்க இன்னும் தடவிப் பாத்துக்கிட்டு இருக்கீங்க?" அன்று தியேட்டருக்கு வந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"நான் என்ன தடவறேனா மேடம்? சொல்லுங்க, தடவறேனா?"

"இல்ல சார், தேடறீங்க" என்றேன். ஆறுதலாகச் சொல்ல எனக்கு வராது.

கொஞ்ச நாள் கழித்து மதிய இடைவேளையில் ஊசி அறைக் கதவைத் திறந்தேன். பெரியவர் சட்டையைக் கழற்றிவிட்டு, அக்குள் முழுக்கப் பசையைத் தடவிக்கொண்டு, தன் கையைத் தானே ஸ்கேன் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முனையைக் கீழே வைத்தார்.

"ஏசி சரியா வேலை செய்யுதான்னு பாத்தேன்" என்றார்.

"சட்டையக் கழட்டினாத்தான் தெரியும் சார்" என்று கதவை மூடிவிட்டு வந்தேன்.

பாவம், அவர் கற்றுக்கொண்டிருந்தார். கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் சகலையைத்தான் கேட்க வேண்டும், அதைவிட அவர் உயிரையே விட்டுவிடுவார். யாரிடமும் கேட்காமல் படித்த பாடத்தில் ஓர் ஓட்டை இருந்தது. அக்குளில் நாம் மரக்க வைக்க வேண்டியவை நாலு நரம்புகள். மூன்று ரத்தக் குழாயை ஒட்டியே நிற்கும். நாலாவது, குடும்பத்தோடு கோபித்துக்கொண்ட ஆள்போல, தனியே ஒதுங்கிச் சதைக்குள் போய்விடும். முன்கையில் கட்டைவிரல் பக்கத்துத் தோலுக்கு உணர்ச்சி கொடுப்பது அதுதான். நாற்பது ஊற்றும்போது வெள்ளம் பெரும்பாலும் அது வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். கொஞ்சமாகப் போடுகிறவர் அதைத் தேடிப் போய்த் தனியாகக் கவனிக்க வேண்டும். பெரியவருக்குத் திரையில் அந்த நாலாவது ஆள் அகப்படவே இல்லை.

அந்தச் சமயம் பார்த்து அவர்கள் இருவரின் மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார்.

எலும்பு நொறுங்கியிருந்தது, தகடு வைத்தாக வேண்டும். ஆள் ஒல்லி, சரியாக ஐம்பது கிலோ. நுரையீரல் ரொம்ப மோசம், முழு மயக்கம் கொடுத்தால் திரும்பி மூச்சு விட வைப்பது பெரும்பாடு. கையை மட்டும் மரக்க வைத்துச் செய்வதுதான் நல்லது. யார் மரக்க வைப்பது என்பதுதான் வீட்டில் கேள்வி. மாமியார் சுற்றி வளைக்காமல் "சின்ன மாப்பிள்ளை போடட்டும்" என்று சொல்லிவிட்டார். மாமனார்தான் மறுத்தார்.

"பெரியவர் இருக்கும்போது சின்னவரைக் கூப்பிட்டா நல்லாவா இருக்கும்? அவர் போடறதுதான் மரியாதை."

இதை என்னிடம் சொல்லிவிட்டுப் பெரியவர் கேட்டார்: "நம்பிக்கைன்னு சொல்லல, கவனிச்சீங்களா? மரியாதைன்னார்."

அந்த ஒரு வார்த்தை அவரைத் தின்றது. ஆபரேஷன் அன்று காலை சிஸ்டர், டெக்னீஷியன், நான் எல்லோரும் இருக்கும்போது அறிவித்தார்: "இன்னிக்கு ஸ்கேன்ல பாத்துப் போடறேன். பத்து மில்லி. பத்தே பத்து." சகலை பன்னிரண்டுக்குக் கீழே இறங்கியதில்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். டெண்டரில் விலையைக் குறைத்துப் போடுகிற சரக்கா மருந்து?

ஊசி அறையில் நடந்ததை அவர் பிறகுதான் என்னிடம் சொன்னார், ஆனால் உங்களுக்கு இப்போதே தெரிந்தால்தான் மேலே நடந்தது விளங்கும். சிஸ்டர் பார்க்க, திரையைப் பார்த்துப் பத்து மில்லி போட்டார். நாற்பது போட்டுப் பழகிய கைக்குப் பத்தின் மேல் எப்படி நம்பிக்கை வரும்? மாமாவுக்குக் குளிரும், போர்வை கொண்டு வா என்று சிஸ்டரை வெளியே அனுப்பினார். மிச்சமிருந்த மருந்தை எடுத்தார். பழையபடி இரண்டு விரலை வைத்தார். "சுரீர்ங்குதா மாமா?" என்று கேட்டார். மாமா "ஆமா மாப்பிள்ளை" என்றார். எட்டு மில்லியை இறக்கினார். ஏற்கெனவே பாதி மரத்த கையில் சுரீர் எங்கிருந்து வரும்? பெரிய மாப்பிள்ளை கேட்கிறார், இல்லை என்று சொன்னால் நன்றாக இருக்காது, அதனால் ஆமாம் என்றார் மனிதர். இவரும் அதை நம்பினார். அந்த எட்டு எந்த நரம்புக்கும் போகவில்லை, சும்மா சதையில் போய் உட்கார்ந்தது.

ஆகப் பத்தும் எட்டும் பதினெட்டு. உப்பு நீர் கலக்காத மருந்து. ஐம்பது கிலோ ஆளுக்கு அது இருபதைத் தாண்டக் கூடாது. எட்டோடு நிறுத்தியது அந்தக் கணக்கில்தான். பொறாமையிலும் அவருக்குக் கணக்கு மறக்கவில்லை. ஆனால் உலகத்துக்குச் சொன்னது பத்து.

மாமனாரைத் தியேட்டருக்குள் கொண்டு வந்தார்கள். ரத்தம் கசியாமல் இருக்க மேல் கையில் காற்றுப் பட்டையைக் கட்டி, பச்சைத் துணியை விரித்தோம். நான் இடுக்கியால் மணிக்கட்டைக் கிள்ளினேன்.

"தெரியுதா மாமா?" என்று தலைமாட்டில் நின்று பெரியவர் கேட்டார்.

"ஒண்ணும் தெரியல மாப்பிள்ளை."

இந்த இடத்தில் என் மேலும் எனக்குக் கோபம்தான். எந்த மாமனார் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்து 'உன் வேலை சரியில்லை' என்று சொல்லியிருக்கிறார்? நான் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் கத்தியை வைத்தேன். கட்டைவிரல் பக்கமாக ஒரு கீறல்.

கை அசையவில்லை. ஆனால் துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கால் விரல்கள் பத்தும் உள்ளே சுருண்டன. மறு கை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. துணியை விலக்கி எட்டிப் பார்த்தேன். கண்ணோரத்தில் நீர் வழிந்து காதுக்குள் போய்க்கொண்டிருந்தது.

"ஐயா, வலிக்குதா?"

"இல்லம்மா. பெரிய மாப்பிள்ளை நல்லாத்தான் போட்டிருக்கார். நீங்க செய்யுங்க."

கத்தியைத் தட்டில் போட்ட சத்தம் பக்கத்துத் தியேட்டர் வரைக்கும் கேட்டிருக்கும். "சின்னவரைக் கூப்பிடுங்க!" என்று கத்தினேன். பெரியவர் மாமனாரின் நெற்றியைத் தடவிக்கொண்டு நின்றார்.

சின்னவர் வந்தார். கீறலை மூடி, பட்டையின் காற்றை இறக்கி, துணியை ஒதுக்கி அக்குளுக்கு வழி விட்டோம். ஸ்கேன் முனையை வைத்து ஒரு நிமிஷம் பார்த்தார்.

"தனியா இருக்கற நரம்பு மட்டும் விட்டுப்போச்சு அண்ணா. மத்த மூணும் மரத்திருக்கு, ஆனா ஆபரேஷன் முடியற வரைக்கும் தாங்குமான்னு சந்தேகமா இருக்கு. எவ்வளவு போட்டீங்க?"

சாதாரணக் கேள்விதான். எந்த மயக்க டாக்டரும் கேட்கிற முதல் கேள்வி. சிஸ்டர் நிற்கிறாள், டெக்னீஷியன் நிற்கிறான், காலையில் மார்தட்டியதைக் கேட்ட அத்தனை பேரும் நிற்கிறோம்.

"பத்து" என்றார் பெரியவர்.

"பத்துதானே? அப்ப இன்னொரு பத்துக்கு இடம் இருக்கு. நாலு நரம்புக்கும் சுத்திப் போட்டுடறேன், கவலையே இல்ல."

சின்னவர் பத்து மில்லியைச் சிரிஞ்சில் ஏற்றினார். தோலைத் துடைத்தார். ஊசியை உள்ளே விட்டார். திரையில் அது வெள்ளைக் கோடாக நரம்பை நோக்கிப் போயிற்று. நான் பெரியவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் அவருடைய முகமூடி உள்ளுக்கும் வெளிக்குமாக அடித்துக்கொண்டிருந்தது. அப்போது எனக்குக் காரணம் தெரியாது. சகலை முன்னால் தோற்ற அவமானம் என்றுதான் நினைத்தேன். ஊசியை அழுத்தப் போன விநாடியில் அவர் குனிந்து சின்னவரின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நிறுத்து."

"என்ன அண்ணா?"

"பத்து இல்ல. பதினெட்டு."

சின்னவருக்குப் புரியவில்லை. "எது பதினெட்டு?"

"நான் போட்டது. பத்து ஸ்கேன்ல பாத்து. அப்புறம் யாரும் இல்லாதப்ப எட்டு, பாக்காம. மொத்தம் பதினெட்டு உள்ள போயிருக்கு."

சிஸ்டர் தரையைப் பார்த்தாள். இன்னும் ஒரு விநாடி போயிருந்தால் அந்த ஐம்பது கிலோ உடம்பில் இருபத்தெட்டு ஏறியிருக்கும். அப்புறம் நான் மணிக்கட்டுக்குத் தகடு வைக்க வேண்டிய வேலையே இருந்திருக்காது.

சின்னவர் ஊசியை வெளியே எடுத்தார். ஊசி மருந்து ரத்தத்தில் அளவுக்கு மேல் ஏறினால் கொடுக்கிற கொழுப்பு மருந்தைக் கொண்டு வந்து பக்கத்தில் வைக்கச் சொன்னார். "மாமா, காது இரையுதா? நாக்குல ஏதாவது மாதிரி இருக்கா? மரியாதையெல்லாம் பாக்காம சொல்லுங்க" என்று கேட்டார். இல்லை என்று பதில் வந்ததும் சின்ன சிரிஞ்சு ஒன்றை வாங்கினார்.

"அப்ப நமக்கு ரெண்டு மில்லி இருக்கு. அந்த ஒரு நரம்புக்கு ரெண்டு போதும் அண்ணா."

போட்டார், போதுமானதாகத்தான் இருந்தது. நான் இந்தத் தடவை பெரியவரை வாய் திறக்கவிடாமல், மாமனார் காதருகே குனிந்து "பொய் சொன்னீங்கன்னா தையலே போட மாட்டேன்" என்று மிரட்டிவிட்டுக் கிள்ளினேன். நிஜமாகவே தெரியவில்லை என்றார். கால் விரல்கள் நீட்டியபடியே கிடந்தன. மற்ற மூன்று நரம்புகளும் கடைசித் தையல் வரை தாங்கின.

முடிந்த பிறகு பெரியவரை உடை மாற்றும் அறை வாசலில் பிடித்து, தொண்டை வற்றும்வரை திட்டினேன். ஊசி அறையில் நடந்ததை அப்போதுதான் சொன்னார். தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். திட்டி ஓய்ந்தபின் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "சரி, கடைசியில சொன்னீங்களே. அந்த இடத்துல அதைச் சொல்றதுக்கு நெஞ்சு வேணும் சார்" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்த வருஷம் முழுக்க அப்படியொரு தெளிந்த முகத்தை நான் அவரிடம் பார்த்ததில்லை.

அந்த முகத்தோடுதான் வார்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். கட்டிலைச் சுற்றி மாமியார், இரண்டு மகள்கள். மாமனார் தூக்கத்தில் இருந்தார். சின்னவர் எங்களுக்கு முன்னாலேயே வந்து பேசிக்கொண்டிருந்தார்.

"அண்ணா போட்ட ஊசிதான் அத்தை. ஒரு குறையும் இல்ல. நான் பக்கத்துல இருந்ததால சும்மா எட்டிப் பாத்தேன், அவ்வளவுதான்."

மாமியார் சின்னவரை ஏற இறங்கப் பார்த்தார். சின்ன மாப்பிள்ளையை அவசரமாகக் கூப்பிட்டார்கள் என்பது வெளியே உட்கார்ந்திருந்தவருக்குத் தெரியாமலா இருக்கும்?

"இந்த மனசு யாருக்கு வரும்?" என்றார், மூத்த மகள் காதில் விழும்படியாகவே. "பெரியவரை எங்கேயாவது விட்டுக்கொடுக்கறாரா பாருங்க."

மூத்த மகள் தன் புருஷனைப் பார்த்துவிட்டு, தங்கை புருஷனைப் பார்த்தாள். பெரியவர் மாமனாரின் கட்டைச் சரிபார்ப்பதுபோல் குனிந்துகொண்டார். பிறகு யாரிடமும் சொல்லாமல் வெளியே நடந்தார்.

மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். கண் சிவந்திருந்தது.

"அவன்கூட நான் போட்டி போட்டதெல்லாம் வீண் மேடம், ஒத்துக்கறேன். ரெண்டு மில்லில முடிச்சுட்டான், கைதட்டறேன். ஆனா இன்னிக்கு ஒரே ஒரு நிமிஷம் நான் அவனைவிட உசத்தியா நின்னேன். அவனா பதினெட்டுன்னு சொல்ல வேண்டியிருந்தது? நான்ல சொன்னேன்?"

"நீங்கதான் சார் சொன்னீங்க."

"அதை மூடி மறைச்சுட்டான். என் மானத்தைக் காப்பாத்தறேன்னு சொல்லி, நான் செஞ்ச ஒரே நல்ல காரியத்தையும் மறைச்சுட்டான். அந்தப் பேரும் அவனுக்கே போயிருச்சு."

"வேணும்னா நான் போய் உங்க வீட்டுக்காரம்மாகிட்ட சொல்றேன்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

"எப்படிச் சொல்லுவீங்க? முதல்ல பத்துன்னு பொய் சொன்னதைச் சொல்லணுமே" என்றார்.